நடக்காத கூட்டங்களுக்கு நான் எழுதிய மினிட்ஸ்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், நான் எழுதியதை ஒரு வகுப்பறை நிறைய ஜனங்களுக்கு முன்னால் நானே உரக்கப் படித்தேன்.

எழுதுகிறவளுக்கு இதைவிட என்ன சந்தோஷம் வேண்டும் என்று கேட்பீர்கள். புத்தகத் திருவிழா, கல்லூரி ஆண்டு விழா, வாசகர் வட்டம்... எத்தனை மேடையில் படித்திருக்கிறேன்! மைக்கைப் பார்த்தால் எனக்குக் குரல் தானாக ஏறும்.

அன்றைக்கு ஏறவில்லை. மூன்றாவது பக்கத்திலேயே நிறுத்தி, "கொஞ்சம் தண்ணி..." என்றேன். யாரும் எழுந்திருக்கவில்லை.

நான் படித்தது கதையல்ல, கட்டுரையல்ல. பழவேற்காடு பக்கம், ஏரிக்கரையில் இருக்கும் ஒரு மீனவக் குப்பத்தின் அரசு நடுநிலைப் பள்ளியுடைய மினிட்ஸ் நோட்டு. ஊர்ப் பெயர் வேண்டாமே. அந்தப் பள்ளிக்கூடத்தின் மானத்தை இனிமேலாவது நான் காப்பாற்ற வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். வெட்கப்பட்டுக்கொண்டேதான் வருகிறேன்.

அரசுப் பள்ளிகளில் 'பள்ளி மேலாண்மைக் குழு' என்று ஒன்று இருக்கிறது. பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அங்கே பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோரிலேயே பலருக்குத் தெரியாது.

உறுப்பினர்களில் பெரும்பாலானவர்கள் பெற்றோர். அதிலும் அம்மாக்கள் அதிகம். அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் அம்மா ஒருவர்தான் தலைவி. ஹெச்.எம். கூட்டத்தைக் கூட்டுகிறவர்... அவ்வளவுதான். இவர்களோடு ஓர் ஆசிரியர், வார்டு மெம்பர், மகளிர் குழுவிலிருந்து ஒருவர். கடைசியாக, 'கல்வி ஆர்வலர்' என்று ஒரு நாற்காலி. மாதா மாதம் கூட வேண்டும். பள்ளியில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பேச வேண்டும். தீர்மானம் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தீர்மானம் மேலே போகும். மேலே இருப்பவர்கள் அதை நம்புவார்கள்.

யோசித்துப் பாருங்கள்... கரையில் நண்டு விற்கிற ஓர் அம்மா, ஹெச்.எம்.மை நேருக்கு நேர் பார்த்து, "ஏன் சார் இப்படி?" என்று கேட்கலாம். கேட்கிற உரிமையைச் சட்டமே கொடுத்திருக்கிறது. எவ்வளவு அழகான ஏற்பாடு!

அந்த ஏற்பாட்டில் 'கல்வி ஆர்வலர்' நாற்காலியில் போய் உட்கார்ந்தவள் நான்.

எப்படி உட்கார்ந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் காட்டூர்க்காரி. நெல் விளைவிக்கிற குடும்பம். ஏரிக்கரைக் குப்பங்கள் எங்களுக்கு மீன் வாங்கப் போகிற இடம், அதற்கு மேல் ஒன்றுமில்லை. கல்யாணமாகிப் பொன்னேரிக்கு வந்து, பத்தி எழுத ஆரம்பித்து, நாலு பேருக்கு முகம் தெரிந்த பிறகுதான் பழவேற்காட்டின் பெருமை எனக்குத் தெரிய வந்தது. டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம், வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகள், மண்மேடாகிப்போன கோட்டை... சென்னையிலிருந்து ஆட்களை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்து வந்து சுற்றிக் காட்டுவேன். கதை சொல்வேன்.

வருகிறவர்கள் கேமராவோடு வருவார்கள். தொப்பியோடு வருவார்கள். வந்து ஒரு மணி நேரத்தில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். "மேடம், இங்கே டாய்லெட் எங்கே இருக்கு?"

பக்கத்துக் குப்பத்துப் பள்ளியில் அப்போதுதான் புதிதாக ஒன்று கட்டியிருந்தார்கள். மாணவியர் கழிப்பறை. வெள்ளை டைல்ஸ், நீலக் கதவு. நான் ஹெச்.எம்.மிடம் போய்க் கேட்டேன். அவர் தங்கமான மனிதர். இரண்டு ஆசிரியர் இடம் காலியாக இருக்க, மூன்று வகுப்புக்கு ஒரே ஆளாகப் பாடம் நடத்துகிறவர். "உங்களுக்கு இல்லாததா மேடம்" என்றார்.

அப்போது நான் ஒரு வார்த்தை சொன்னேன். இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

"இதைப் பூட்டியே வெச்சிருங்க சார். பசங்க பாழாக்கிடும்."

பூட்டினார். ஒரு சாவி அவர் மேஜையில். இன்னொன்று என் கைப்பையில்.

அடுத்த மழைக்காலத்தில் தண்ணீர்த் தொட்டியின் மோட்டார் பழுதானது. உப்புக் காற்று... அங்கே இரும்பு தாங்காது. ரிப்பேருக்குக் கழற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. ஆனால் என் விருந்தாளிகளுக்குத் தண்ணீர் குறையே இல்லை. குப்பத்தின் மறு கோடியிலிருந்து, ஏழாம் வகுப்புப் படிக்கும் தேவி, இரண்டு பக்கெட் தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள். அவளாகவே வைப்பாள். "சமத்துப் பொண்ணு!" என்று ஒவ்வொரு முறையும் சொல்வேன்.

குழாய் இருக்கும்போது பக்கெட் எதற்கு என்று நான் கேட்கவில்லை.

தேவியின் அம்மாதான் அஞ்சலை. புருஷன் ஏரியில் வலை போடுகிறவர். அஞ்சலை காலையில் கரையில் நண்டும் இறாலும் எடுத்து, பொன்னேரி மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்றுவிட்டு, நாலு மணி பஸ்ஸில் திரும்புவார். அதிகம் பேச மாட்டார். கையெழுத்துப் போடத் தெரியும். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுவார்.

குழு அமைக்கிற நேரம் வந்தது. 'கல்வி ஆர்வலர்' நாற்காலிக்கு ஹெச்.எம். என்னையே கேட்டார், சரி என்றேன். தலைவியாக வரக் கூடியவர் என்று ஊரில் எல்லோரும் நினைத்தது பிளஸ் டூ முடித்த இன்னோர் அம்மாவை. அவர் கேள்வி கேட்பார். சத்துணவு ஏன் லேட், ஐந்தாம் வகுப்புக்கு ஏன் டீச்சர் இல்லை என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

"அந்தம்மா வந்தா தினம் ஒரு தலைவலி மேடம்" என்றார் ஹெச்.எம்.

"அஞ்சலை இருக்காங்களே... அமைதியானவங்க" என்றேன் நான்.

தேர்வு நடந்த அன்று முதல் ஆளாகக் கை தூக்கி அஞ்சலையின் பெயரைச் சொன்னது நான்தான். பத்திரிகையில் எழுதுகிற அம்மா சொல்லிவிட்டார் என்று எல்லோரும் கை தட்டிவிட்டார்கள். அஞ்சலை திடுக்கிட்டு எழுந்தார்.

"நானா? எனுக்கு இன்னா மேடம் தெரியும்?"

"நாங்க இருக்கோமில்ல... நீங்க கையெழுத்து மட்டும் போட்டா போதும்!"

சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அந்த வாரமே அதைப் பற்றி இதே பக்கத்தில் எழுதவும் செய்தேன். நண்டு விற்கும் பெண்மணி பள்ளிக்குத் தலைவி, ஜனநாயகம் கடைக்கோடிக்கு வந்துவிட்டது என்று. ரொம்பப் பேர் பாராட்டிக் கடிதம் போட்டீர்கள். சிலர் கண்ணில் தண்ணீர் வந்தது என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கண்ணீருக்கு இன்றைக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

கூட்டம் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு. அந்த நேரத்தில் குப்பத்து அம்மாக்கள் யாரும் ஊரில் இருக்க மாட்டார்கள். மார்க்கெட்டில் இருப்பார்கள். ஹெச்.எம்.முக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். ஆகவே கூட்டத்துக்கு ஹெச்.எம்., ஒரு டீச்சர், நான். மூன்று டீ.

என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதனால் மினிட்ஸ் எழுதுகிற வேலை என்னுடையது. "குழுத் தலைவி தலைமையில் உறுப்பினர்கள் கூடி விவாதித்து ஏகமனதாகத் தீர்மானித்தனர்" என்று ஆரம்பிப்பேன். என்னென்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் வரும். அதில் ஒரு வரி:

'மாணவியர் கழிப்பறை தண்ணீர் வசதியுடன் நல்ல முறையில் பயன்பாட்டில் உள்ளது.'

முதல் மாதம் அதை எழுதும்போது ஹெச்.எம்.மைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். "இல்லைன்னு எழுதினா ஏன் இல்லைன்னு பத்து லெட்டர் வரும் மேடம். நான் பாடம் நடத்தறதா, பதில் எழுதறதா? மோட்டார் எப்படியும் வந்துரும்" என்றார். எழுதினேன். அடுத்த மாதம் முந்தின மாதத்தைப் பார்த்து எழுதினேன். அதற்கடுத்த மாதம் பார்க்காமலேயே எழுதினேன். மனப்பாடமாகிவிட்டது.

அப்புறம் நோட்டு வீடு வீடாகப் போகும். சில நாள் நானே எடுத்துப் போவேன். அஞ்சலை ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து பேனாவை வாங்குவார். "இதுல இன்னா மேடம் எழுதிகீது?" என்று ஒரு தடவை கேட்டார்.

"வழக்கமானதுதான்மா."

போட்டார்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டை மேட்டில் நின்றுகொண்டு விருந்தாளிகளுக்கு நான் சொல்லும் கதை. "இங்கேதான் டச்சு கவர்னரும் அவரோட சபையும் கூடி முடிவெடுப்பாங்க. அழகா எழுதி, கையெழுத்து போட்டு, கப்பல்ல அனுப்புவாங்க. யாரைப் பத்தி எழுதினாங்களோ, அந்த ஜனங்க கதவுக்கு வெளியே நின்னாங்க!" எல்லோரும் 'த்சொ' என்பார்கள். நானும் உச்சுக் கொட்டுவேன். அந்தச் சபைகூட வெளியே நின்றவர்களை உள்ளே இருந்ததாக எழுதியிருக்காது. நான் எழுதினேன்.

தீபாவளி முடிந்த கையோடு தேவி வயதுக்கு வந்தாள். மஞ்சள் நீராட்டுக்கு என்னையும் அழைத்தார்கள். பட்டுப் பாவாடை எடுத்துப் போனேன். பந்தியில் உட்கார்ந்து இறால் தொக்கு சாப்பிட்டேன். அட்சதை போட்டு, "நல்லாப் படிக்கணும்" என்று ஆசீர்வாதமும் பண்ணினேன்.

அதற்குப் பிறகு அவள் பள்ளிக்குப் போகவில்லை. அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளிலும் தண்ணீர் வந்தது. பக்கெட் வாசலில் இருக்கும், தேவி இருக்க மாட்டாள். வெட்கப்படுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பொங்கலுக்குப் பிறகு பொன்னேரியில் குழுத் தலைவிகளுக்கு ஒரு நாள் பயிற்சி. பல ஊர் அம்மாக்கள் வந்திருந்தார்கள். நான் போகவில்லை. தலைவிகளுக்குத்தானே என்று இருந்துவிட்டேன். அன்று பிற்பகல் என் வீட்டு அழைப்பு மணி அடித்தது. திறந்தால் அஞ்சலை. நல்ல புடவை, தலையில் பூ. கையில் பயிற்சியில் கொடுத்த ஃபைல்.

"வாம்மா, வா... பயிற்சி எப்படி இருந்தது?"

அவர் உட்காரவில்லை. நான் நீட்டிய டீயையும் வாங்கவில்லை.

"ஒண்ணு கேக்கணும் மேடம். அங்க ஒரு ஆபீசரம்மா இருந்தாங்க. உங்க ஸ்கூல்ல இன்னா கொறை, தயங்காம சொல்லுங்கன்னாங்க. நான் எந்திரிச்சி, பொம்பளப் பசங்களுக்கு கக்கூஸ் பூட்டியே கீது, தண்ணி இல்ல, அதனாலதான் எம் பொண்ணு படிப்பையே வுட்டுட்டான்னு சொன்னேன்."

எனக்குக் கையில் இருந்த டம்ளர் சுட்டது. வைக்கத் தோன்றவில்லை.

"அந்தம்மா டேப்லெட்ல பாத்தாங்க. 'உங்க ஸ்கூல்ல எல்லாம் நல்லாருக்குனு மாசா மாசம் எழுதி வந்திருக்கேம்மா. இதோ, உங்க கையெழுத்துதானே?'னு காட்டினாங்க. என் கையெழுத்துதான் மேடம். எல்லாரும் என்னையே பாத்தாங்க. எனுக்கு எங்க மூஞ்ச வெச்சிக்கறதுன்னே தெரில."

"அது வந்து அஞ்சலை... ஹெச்.எம். சார் சொன்னதுனால..."

ஆமாம். அதைத்தான் சொன்னேன். வாசகர்களே, வார்த்தைகளோடு புழங்குகிறவள் நான். அந்த நேரத்தில் என் வாயில் வந்த வார்த்தை அடுத்தவர் பெயர்.

அஞ்சலை அதைக் கேட்ட மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை.

"எம் பொண்ணு வூட்ல உக்காந்துகினு நண்டு கட்டிகினு கீறா மேடம். மத்தியானம் வரைக்கும் அடக்கிகினு இருந்து வயித்து வலியில துடிச்சாளாம். வேலிக்காத்தான் பொதருக்குப் போனா பசங்க கல்லு வுட்டானுங்களாம். எங்கிட்டகூட லேட்டாத்தான் சொன்னா. அவ ஸ்கூலுக்குப் போவாததுக்கு... நானே கையெழுத்து போட்டுகீறேனா?"

அதற்குப் பதில் இருந்தது. ஒரே சொல்தான்... 'ஆமாம்.'

அவரே பேசினார். "எங்க ஊர்ல ஏரிக்கு பாடு போடுவாங்க, தெரியுமில்ல? எந்தெந்த எடத்துல எவன் எவன் வலை போடணும்னு சீட்டு எடுக்கறது. ஒரு ஆள் வரலைன்னாலும் சீட்டத் தொட மாட்டாங்க. ஆனா அங்க பொம்பளைங்கள உள்ள வுட மாட்டாங்க. இங்க உள்ள கூப்ட்டு, தலைவின்னு பேர் வெச்சி, ஒண்ணுமே சொல்லாம வுட்டுட்டீங்க. எது தேவல மேடம்? நீங்களே சொல்லுங்க."

அவர் போன பிறகு அந்த டீயை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடை படிந்துவிட்டது.

அடுத்த கூட்டத்தை அஞ்சலை கூட்டினார். தலைவி கேட்டால் கூட்டத்தை மாற்றி வைக்கலாம் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்களாம். வெள்ளி மூன்று மணி இல்லை, செவ்வாய் ஐந்து மணி. "எனக்கு பஸ் போயிடுமேம்மா" என்றார் ஹெச்.எம். "நாங்க தெனம் பஸ்ஸுக்கு நிக்கறோம் சார். ஒரு நாள் நீங்க நில்லுங்க" என்றாராம் அஞ்சலை.

நான் போனபோது வகுப்பறை நிரம்பியிருந்தது. உறுப்பினர்கள் மட்டுமல்ல, இன்னும் பல அம்மாக்கள். குழந்தைகளின் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். கூடைகள் சுவரோரம். அறை முழுக்க மீன் வாசனை. முதல் முறையாக அந்தக் கூட்டத்தில் கூட்டம் இருந்தது.

அஞ்சலை மினிட்ஸ் நோட்டை ஹெச்.எம். மேஜையிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நீங்க எழுதனது. நீங்களே படிங்க மேடம். மொதல்லேர்ந்து."

படித்தேன்.

'உறுப்பினர்கள் பதினெட்டுப் பேர் கலந்துகொண்டனர்' என்று வந்ததும் பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல். "இன்னா தேதி மேடம் அது?" சொன்னேன். "அன்னிக்கி நான் பொன்னேரி ஆஸ்பத்திரில புள்ள பெத்துகினு இருந்தேன். இங்க எப்டி வந்தேன்?" சிரிப்பு எழுந்தது. அடங்கியது. அடுத்த பக்கம். "அந்த வாரம் நாங்க சுண்ணாம்புக்குளத்துல எங்க நைனா காரியத்துல இருந்தோம். எம் பேரும் கீதா?" இருந்தது. கையெழுத்தும் இருந்தது... பிற்பாடு வாங்கியது.

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

'மாணவியர் கழிப்பறை தண்ணீர் வசதியுடன்...' முதல் மாதத்தில் அந்த வரி வந்தது. இரண்டாவது மாதம் மறுபடி வந்தது. மூன்றாவது மாதம். ஒவ்வொரு மாதமும் அதே சொற்கள், அதே வரிசை, அதே முத்து முத்தான கையெழுத்து. என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. நான் தண்ணீர் கேட்டது அப்போதுதான்.

நடுவில் நிறுத்திவிடலாமா என்று அஞ்சலையைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார். கடைசி வரை படிக்க வைத்தார்.

முடித்ததும் பிளஸ் டூ படித்த அந்த அம்மா கேட்டார். "பூட்டு யாரு போடச் சொன்னது?"

ஹெச்.எம். என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "நான்தாம்மா பூட்டினேன்" என்றார். அந்த மனிதர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் போனது. முந்தின வாரம் என் வீட்டு வாசலில் நான் அவர் பெயரை எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்!

"இல்லை. பூட்டச் சொன்னது நான்" என்றேன். கைப்பையைத் திறந்து சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தேன். "எங்கூட வர்றவங்களுக்காக."

ஒருவரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "அட, இவ்ளோதானா..." என்று ஒரு அம்மா முணுமுணுத்தது மட்டும் கேட்டது. அது பூட்டைப் பற்றியா, என்னைப் பற்றியா... இன்றுவரை விளங்கவில்லை.

அன்றைக்குத் தீர்மானம் என்று ஒன்று உண்மையிலேயே போட்டார்கள். அவர்கள் சொல்ல, நான் எழுதினேன். "கக்கூஸுக்கு தண்ணி இல்ல. மோட்டார் இல்ல. இத்தனை நாள் இருக்குதுனு எழுதனது தப்பு. பூட்டு இனிமே கிடையாது." ஹெச்.எம்., "கொஞ்சம் ஆபீஸ் பாஷையில்..." என்று ஆரம்பித்தார். "வாணாம் சார். எங்குளுக்கு புரியற மாதிரி இருக்கட்டும்" என்றார் அஞ்சலை. அப்படியே எழுதினேன். என் கையெழுத்து அன்றைக்குக் கோணலாகத்தான் வந்தது. ஒருவர் எழுந்து நின்று அதைச் சத்தமாகப் படித்துக் காட்டிய பிறகுதான் ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஹெச்.எம். பயந்த மாதிரியே லெட்டர் வந்தது. விளக்கம் கேட்டார்கள். அவர் மறைக்காமல் பதில் எழுதினார். கண்டிப்போடு விட்டார்கள். மூன்றாவது வாரம் மோட்டாரும் வந்தது. இதற்குத்தான் இத்தனை மாதமா?

மோட்டார் வந்ததும் தேவி வந்துவிட்டாளா? இல்லை.

நான் அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து நண்டுகளின் கொடுக்கை நூலால் கட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். பழைய சிரிப்பு இல்லை.

"தண்ணி வந்துடுச்சி தேவி. பூட்டும் இல்லை. வாயேன்..."

"ஊருக்கே தெரிஞ்சி போச்சி. நான் எதுக்கு நின்னேன்னு. எப்டி வர்றது?"

அதை நான் யோசித்தே பார்க்கவில்லை. தப்புச் செய்தது நான், வெட்கப்படுவது அவள்.

"மன்னிச்சிடும்மா" என்றேன். பதின்மூன்று வயதுப் பெண்ணிடம் இந்தச் சொல்லைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது சொல்லிப் பார்த்தால்தான் தெரியும். முதலில் சரியாக வரவில்லை. இரண்டாம் முறை வந்தது.

அவள் நண்டை விட்டுக் கையை எடுக்காமலே கேட்டாள். "நான்தானே மேடம் பக்கெட் கொண்டாந்து வெப்பேன்? நான் எங்க போவேன்னு உங்குளுக்குத் தோணவே இல்லியா?"

தோன்றவில்லை என்று சொன்னேன். வேறென்ன சொல்ல?

அவளைப் பள்ளிக்கு அழைத்து வந்தது நானில்லை. அவளுடைய வகுப்புத் தோழிகள் நான்கு பேர். அஞ்சலை அவர்களின் அம்மாக்களிடம் பேசியிருக்கிறார். ஒரு திங்கட்கிழமை காலையில் நான்கு பெண்களும் வந்து அவள் வாசலில் நின்றார்களாம். "நாங்களும் மத்தியானம் வரிக்கும் அடக்கிகினுதான் இருந்தோம். எங்குளுக்கு மட்டும் வெக்கம் இல்லியா?" என்று ஒருத்தி கேட்டாளாம். தேவி உள்ளே போய் யூனிஃபார்ம் மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

அரையாண்டுத் தேர்வை அவள் எழுதவில்லை. கணக்கில் நிறைய விட்டுப்போயிருக்கிறது. ஹெச்.எம். சாயங்காலம் அரை மணி நேரம் உட்கார வைத்துச் சொல்லித்தருகிறார். பஸ்ஸை விட்டுவிட்டு.

நான் குழுவிலிருந்து விலகுவதாக ஒரு கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். கௌரவமாக எழுதியிருந்தேன். அஞ்சலை அதை வாங்கி, எழுத்துக் கூட்டிப் பாதி வரை படித்தார். மடித்து என்னிடமே கொடுத்தார்.

"நீங்க போய்ட்டா உங்குளுக்கு நிம்மதி. எங்குளுக்கு இன்னா? எழுதறதுக்கு ஆள் வேணுமில்ல? குந்துங்க. ஆனா இனிமே நாங்க சொல்றத எழுதுங்க." பிறகு கேட்டார். "ஸ்கூல் நோட்ல திருத்தியாச்சி. பேப்பர்ல எழுதினீங்களே... அத எப்போ திருத்துவீங்க?"

அதற்காகத்தான் இந்த வாரப் பத்தி.

அனுப்புவதற்கு முன்னால் பொன்னேரி மார்க்கெட்டில், அவர் கடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முழுவதையும் அவருக்குப் படித்துக் காட்டினேன். பெயர்களை மாற்றியிருப்பதையும் சொன்னேன். வாடிக்கைக்காரர்கள் வந்தால் நிறுத்தச் சொல்வார், எடை போட்டுக் கொடுத்துவிட்டு, "ம்... சொல்லுங்க" என்பார். கடைசி வரை பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரியாத்தான் கீது மேடம். ஒரு எடம் மட்டும் பொய்யி."

"எது?"

"கொழா இருக்கசொல்ல பக்கெட் எதுக்குன்னு உங்குளுக்குத் தெரியாதுன்னு எழுதிகீறீங்களே... அது வாணாம். 'கேக்கலை'ன்னு போடுங்க."

போட்டுவிட்டேன்.